என்ஜினை எப்போது இறக்குவது?



டோல்கேட்டில் வளர்ந்தவனுக்கு புல்லட் சத்தத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் நம்ம ஊர் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோர்த்து ‘என்ஃபீல்டு இந்தியா’வைத் தொடங்கின. திருவொற்றியூரில் எழுந்த அந்தத் தொழிற்சாலையில் உருவான 350 சி.சி. வண்டிதான் புல்லட். இரும்பு பேரல், அலுமினிய ஹெட், வலது காலில் கியர், வெளியே தெரியும் ராக்கர் ஆயில் குழாய் என்று அந்தப் பழைய என்ஜின், அடிப்படை மாறாமல் 2010 வாக்கு வரைக்கும் வந்தது. அப்பா ஓட்டியது, மாமா விட்டுக் கொடுத்தது, யாரோ விற்றதை வாங்கியது என்று இன்றும் நம்மில் பலர் வீட்டு வாசலில் அது நிற்கிறது.

நிற்கும் வண்டியைச் சுற்றி மூன்று பேர் கூடினால் மூன்று தீர்ப்பு வரும். “பொகை அடிக்குது, என்ஜினை எறக்கிடு தம்பி” என்பார் ஒருவர். “ஓடுற வரைக்கும் ஓட்டுப்பா, தொட்டா செலவு” என்பார் இன்னொருவர். “ஃபுல் என்ஜின் வேலை பண்ணிட்டா பத்து வருஷம் கவலை இல்ல” என்பார் மூன்றாமவர். மூவரும் அனுபவசாலிகளாகவே இருக்கலாம். ஆனால் மூவர் கையிலும் அந்த நேரத்தில் ஓர் அளவுகருவிகூட இல்லை.

டிப்ளமோ படிக்கும் நாம் இங்கேதான் வித்தியாசப்பட வேண்டும். என்ஜினை இறக்கும் நேரத்தைப் புகையோ சத்தமோ மட்டும் முடிவு செய்யக் கூடாது, அளவு முடிவு செய்ய வேண்டும். அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

தேய்மானத்தின் மூன்று பருவங்கள்

உராயும் எந்தப் பாகத்துக்கும் தேய்மானம் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. புதிதாகப் போட்ட ரிங்கும் போரும் முதலில் ஒன்றையொன்று சீவிக்கொண்டு பொருந்தும். அது ரன்னிங்-இன் பருவம். பிறகு நீண்ட காலத்துக்குத் தேய்மானம் மிக மெதுவாக, ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். மூன்றாவது பருவத்தில் இடைவெளி பெரிதாகி, எரிவாயு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி, எண்ணெயைக் கெடுக்கும். கெட்ட எண்ணெய் மேலும் தேய்க்கும். கோடு திடீரென்று மேலே வளையும்.

கோடு வளையத் தொடங்கும் அந்த முட்டிதான் நாம் தேடும் இடம். அதற்கு முன்னால் இறக்கினால் வீண். பின்னால் இறக்கினால் நஷ்டம்.

முன்னால் இறக்கினால் என்ன வீண்? நன்றாகப் பொருந்தி ஓடும் ரிங்கைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டால் மறுபடியும் முதல் பருவத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பழைய ஸ்டட், அலுமினியத்தில் வெட்டிய மரை ஆகியவை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கொஞ்சம் பலம் இழக்கும். அதைவிட முக்கியம், பேரலுக்கு ஆயுள் கணக்கு உண்டு. ஒவ்வொரு ரீபோரும் இரும்பைச் சீவி எடுக்கிறது. ஓவர்சைஸ் பிஸ்டன் வரிசை ஓர் எல்லையில் நின்றுவிடும். அதற்குப் பிறகு லைனர் போட வேண்டும் அல்லது வேறு பேரல் தேட வேண்டும்.

பின்னால் இறக்கினால் என்ன நஷ்டம்? ரிங் வேலையாக முடிய வேண்டியது பிஸ்டன் வேலையாகும். பிஸ்டன் வேலை கிராங்க் வேலையாகும். கடைசியில் கனெக்டிங் ராட் ஓடும்போது உடைந்தால் கிராங்க் கேஸையே கிழித்துவிடும். என்ஜின் நம்பர் பொறித்திருப்பது அந்தக் கேஸில்தான். கேஸ் மாறினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதி, ஆர்.சி. புத்தகத்தில் திருத்தம் என்று அலைய வேண்டும். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி.யைப் புதுப்பிக்கப் போகும்போது நம்பர் ஒத்துப்போகவில்லை என்றால் வண்டியே கேள்விக்குறியாகிவிடும். ஓடும் என்ஜின் திடீரென்று பிடித்துக்கொண்டால், பின்னால் கன்டெய்னர் லாரி வரும் எண்ணூர் விரைவுச் சாலையில் என்ன ஆகும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

புகை என்ன சொல்கிறது?

முதலில் புகையின் நிறத்தைப் பாருங்கள். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. கார்புரேட்டரையும் ஏர் ஃபில்டரையும் பார்த்தால் போதும், என்ஜினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காலையில் கொஞ்ச நேரம் வந்து மறையும் வெள்ளைப் புகை சைலன்ஸரில் தங்கிய ஈரம். நீலப் புகைதான் எண்ணெய் எரிவதைக் காட்டும்.

நீலப் புகையிலும் மூன்று வகை உண்டு. வண்டி பல நாள் நின்ற பிறகு ஸ்டார்ட் செய்தவுடன் குபுகுபுவென்று வந்து, சில நிமிடத்தில் நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம். இந்த என்ஜினில் எண்ணெய்த் தொட்டி கேஸோடு சேர்ந்த தனி அறை. நாள் கணக்கில் நின்றால் எண்ணெய் பம்பைத் தாண்டிக் கிராங்க் அறைக்குள் கசிந்து சேர்ந்துவிடும். என்ஜின் ஓடியதும் ரிட்டர்ன் பம்ப் அதைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும். புகையும் போய்விடும். இதைப் பார்த்து ரிங் மாற்றியவர்கள் எத்தனையோ பேர்!

வேகமாகப் போய் ஆக்ஸிலேட்டரை மூடி, மறுபடி திறக்கும்போது ஒரு குப்பென்ற நீலப் புகை வந்தால் வால்வ் கைடைச் சந்தேகிக்க வேண்டும். த்ராட்டில் மூடியிருக்கும்போது இன்லெட் பக்கம் வெற்றிடம் அதிகம். அது கைடு வழியாக எண்ணெயை உறிஞ்சும். இதற்கு ஹெட் வேலை போதும்.

என்ஜின் சூடான பிறகும், பாலம் ஏறும்போது, ஆள் ஏற்றிப் போகும்போது விடாமல் நீலப் புகை வந்தால், அதோடு பிரீதர் குழாயில் எண்ணெய் துப்பினால், ரிங்கையும் போரையும் சந்தேகிக்கலாம். கவனிக்கவும், சந்தேகிக்கத்தான் சொன்னேன். தீர்ப்பு இன்னும் எழுதவில்லை.

சத்தம் என்ன சொல்கிறது?

‘டிக் டிக்’ என்று என்ஜின் வேகத்தில் பாதி வேகத்தில் கேட்டால் டாப்பட். குளிர்ந்திருக்கும்போது புஷ் ராட் விரலால் சுற்றினால் தாராளமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. அதுதான் இந்த என்ஜினுக்கான செட்டிங்.

ஸ்டார்ட் செய்தவுடன் ‘கட கட’வென்று கேட்டு, சூடானதும் குறைந்தால் பிஸ்டன் பக்கவாட்டில் அடிக்கிறது. இது இடைவெளி கூடியதைக் காட்டும். ஆனாலும் இதோடு பல ஆயிரம் கி.மீ. ஓடும் வண்டிகள் உண்டு.

ஏற்றத்தில் ‘கிணிங் கிணிங்’ என்றால் பெரும்பாலும் டைமிங் அட்வான்ஸ் அல்லது ஹெட்டில் கரி. இடது பக்கச் சலசலப்பு பிரைமரி செயின் தளர்வாகவும் இருக்கலாம்.

ஆனால் அடிவயிற்றிலிருந்து வருவது மாதிரி ‘தொம் தொம்’ என்று கனமான சத்தம், ஆக்ஸிலேட்டரைத் திறக்கும்போதும் மூடும்போதும் மாறிக் கேட்டால், வண்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அது பிக் எண்ட். இந்தப் பழைய என்ஜினில் அங்கே உருளை பேரிங் கிடையாது, மிதக்கும் புஷ்தான். எண்ணெய்ப் படலம்தான் அதன் உயிர். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்ற பேச்சே கூடாது.

இறக்காமலே நான்கு சோதனைகள்

முதலில் டீகம்ப்ரஸர் கேபிளில் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் இறுக்கமாக இருந்தால் ஹெட்டில் உள்ள அந்தச் சின்ன வால்வ் சரியாக மூடாது. கம்ப்ரஷன் எல்லாம் அந்த வழியாகவே போய்விடும். நாம் பாவம், பிஸ்டனைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

ஒன்று, கிக்கர் சோதனை. கம்ப்ரஷன் வரும் இடத்தில் கிக்கர் மேல் மெதுவாக உடம்புப் பாரத்தை வையுங்கள். நல்ல என்ஜின் தாங்கி நின்று, பிறகு மெல்ல இறங்கும். தேய்ந்த என்ஜின் நின்ற மாதிரியே தெரியாமல் இறங்கிவிடும். செலவில்லாத சோதனை. ஆனால் ஒப்பிட ஒரு நல்ல வண்டி பக்கத்தில் இருந்தால்தான் இதற்கு மதிப்பு.

இரண்டு, கம்ப்ரஷன் கேஜ். என்ஜினைச் சூடாக்கி, பிளக்கைக் கழற்றி, கேஜை மாட்டி, த்ராட்டிலை முழுதும் திறந்து வைத்து, முள் ஏறி நிற்கும் வரை கிக் செய்யுங்கள். அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு, மறுபடியும் அளவெடுங்கள். உதாரணத்துக்கு, முதலில் 70 பி.எஸ்.ஐ. இருந்து, எண்ணெய் விட்டதும் 100-க்கு ஏறினால், எண்ணெய் அடைத்த இடம்தான் ஓட்டை. அதாவது ரிங், போர். 70 இருந்தது 72 ஆனால், ஓட்டை மேலே இருக்கிறது. அதாவது வால்வ் அல்லது ஹெட் கேஸ்கட். இரண்டாவது கேஸில் பேரலைத் தொடவே வேண்டாம்!

மூன்று, காற்றுச் சோதனை. பிஸ்டனைக் கம்ப்ரஷன் டி.டி.சி.யில் நிறுத்தி, டாப் கியர் போட்டு, பின் பிரேக்கை ஒருவர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, பிளக் ஓட்டை வழியாகக் குறைந்த அழுத்தத்தில் காற்று விட வேண்டும். சைலன்ஸரில் ‘உஸ்’ என்றால் எக்ஸாஸ்ட் வால்வ் அல்லது டீகம்ப்ரஸர். கார்புரேட்டரில் என்றால் இன்லெட் வால்வ். பிரீதரில் என்றால் ரிங். ரிங் வழியாகக் கொஞ்சம் கசிவது எந்த என்ஜினிலும் சகஜம். காது கேட்கும்படி ஊதினால்தான் குறை.

நான்கு, நோட்டுப் புத்தகம். இதைத்தான் நான் நால்வரில் மூத்தவர் என்பேன். எண்ணெயை மேல் கோடு வரை நிரப்பி, 500 கி.மீ. ஓட்டி, மறுபடி அதே கோட்டுக்கு வர எத்தனை மி.லி. பிடித்தது என்று எழுதி வையுங்கள். வெளியே ஒழுகுவதைத் தனியாக நிறுத்திவிட்டு எழுத வேண்டும். 80, 90, 85 என்று போனால் வண்டி இரண்டாவது பருவத்தில் நிம்மதியாக இருக்கிறது. 80, 140, 260 என்று போனால் கோடு வளைந்துவிட்டது. தனி எண்ணைவிட எண்கள் போகும் போக்குதான் முக்கியம்.

எங்கள் பக்கத்தில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். ஐ.டி.ஐ.கூடப் படிக்காதவர். நோட்டோடு போன எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: “தம்பி, பொகைய எவன் வேணா பாப்பான். கணக்கு எழுதி எட்னு வர்றவன்தான் வண்டிக்காரன்.” பட்டம் கொடுத்த மாதிரி இருந்தது.

இறக்கிய பிறகு ஆறு அளவு

சோதனைகள் எல்லாம் ஒரே விரலை நீட்டினால் பேரலைக் கழற்றலாம். இனி மெட்ராலஜி லேபில் படித்தது கைகொடுக்கும்.

இந்த என்ஜினின் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. போர் டயல் கேஜால் மேல், நடு, கீழ் மூன்று இடத்தில், ஒவ்வோர் இடத்திலும் இரண்டு திசையில் அளக்க வேண்டும். ஒன்று பிஸ்டன் பின்னுக்கு இணையாக, மற்றது அதற்குச் செங்குத்தாக. மொத்தம் ஆறு.

மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம் இருக்கும். ஏன்? அங்கே ரிங் ஒரு கணம் நின்று திரும்புகிறது. வேகம் இல்லாத இடத்தில் எண்ணெய்ப் படலம் நிற்காது. எரிவாயுவின் அழுத்தம் ரிங்கைப் பின்னாலிருந்து சுவரோடு தள்ளுகிறது. சூடும் அங்கேதான் அதிகம்.

விளக்கத்துக்காக ஒரு கணக்கு. கீழே தேயாத இடத்தில் 70.02 மி.மீ. மேலே பின்னுக்கு இணையாக 70.12, செங்குத்தாக 70.20. அப்படியானால் டேப்பர் 0.18, ஓவாலிட்டி 0.08. இந்த எண்களை சர்வீஸ் மேனுவலில் உள்ள எல்லையோடு ஒப்பிட வேண்டும்.

கேஜ் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. ஒரு ரிங்கைப் போருக்குள் கீழே நேராக வைத்து ஃபீலர் கேஜால் அதன் வாய் இடைவெளியை அளக்கவும். பிறகு மேலே வைத்து அளக்கவும். கீழே 0.30, மேலே 0.74 என்றால் வித்தியாசம் 0.44. சுற்றளவு கூடியதை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் கூடியது கிடைக்கும், 0.14. மேலே கேஜில் பார்த்த இரண்டு அளவின் சராசரியும் இதைத்தான் சொல்கிறது. ஆனால் ரிங்குக்குச் சராசரிதான் தெரியும். போர் முட்டை வடிவமாகிவிட்டதை அது சொல்லாது.

இப்போது அந்தப் பேரலுக்கு எந்த ஓவர்சைஸ்? ‘0.18-தானே தேய்ந்தது, 0.25 போதுமே’ என்று தோன்றும். போதாது. தேய்மானம் இரண்டு பக்கமும் சமமாக இருப்பதில்லை. பிஸ்டன் சாயும் பக்கம் 0.14, எதிர்ப் பக்கம் 0.04 என்று வைத்துக்கொள்வோம். பழைய மையத்தை விடாமல் போர் போட வேண்டுமானால், ஆழமான பக்கம் மறைய 0.14-ன் இரு மடங்கு, அதாவது விட்டத்தில் 0.28 எடுக்க வேண்டும். 0.25 தாண்டிவிட்டது! அடுத்தது 0.50-க்குத் தாவ வேண்டியதுதான். இதே பேரலை ஆழமான பக்கம் 0.07 இருக்கும்போது அளந்திருந்தால் 0.14 எடுத்தால் தீர்ந்தது, 0.25 பிஸ்டனே போதும். தாமதத்தின் விலை இப்போது புரிகிறதா? ஒரு படி ஏறுவதற்குப் பதில் இரண்டு படி ஏறிவிட்டோம். பேரலின் ஆயுளில் ஒரு ரீபோர் காணாமல் போய்விட்டது.

‘0.50 ஓவர்சைஸ் போட்டா பிக்கப் கூடுமா?’ என்று கேட்கும் நண்பர்களுக்கு: 346 சி.சி. 351 ஆகும். அவ்வளவுதான்.

ஆஃபா, ஃபுல்லா?

பேரல் கழன்றிருக்கும்போதே கனெக்டிங் ராடைப் பிடித்து நேர் மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் அசைவது இயல்பு. மேலும் கீழும் ஆட்டம் தெரிந்தால் பிக் எண்ட் போய்விட்டது, ஃபுல் என்ஜின் வேலைதான். ஆட்டம் இல்லை, எண்ணெயில் உலோகத் தூள் இல்லை, ராக்கர் குழாய் யூனியனைத் தளர்த்திப் பார்த்தபோது எண்ணெய் ஒழுங்காக வந்தது என்றால், பேரல், பிஸ்டன், வால்வ் வேலையோடு ஆஃப் என்ஜினாக முடித்துக்கொள்ளலாம். ‘எறக்கினது எறக்கிட்டோம், கிராங்கையும் பிரிச்சிடலாம்’ என்ற யோசனைக்கு மயங்காதீர்கள். ஃப்ளைவீலைப் பிரித்துச் சேர்த்து, சென்டரில் வைத்து டயல் கேஜால் நேராக்குவது தனிக் கைப்பழக்கம் தேவைப்படும் வேலை. தேவையில்லாமல் பிரித்த கிராங்க் முன்பைவிட மோசமாகத் திரும்பி வரக்கூடும்.

பட்டறைக்குப் போகும்போது ஒரு வரிசை முறை உண்டு. முதலில் பிஸ்டனை வாங்கி மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதிதாக வாங்கினாலும் சரி, புதுப்பேட்டையில் தேடிப் பிடித்தாலும் சரி, பெட்டியில் எழுதிய எண்ணை அப்படியே நம்பக் கூடாது. அந்த அளவோடு மேனுவல் சொல்லும் இடைவெளியைக் கூட்டித்தான் போர் போடச் சொல்ல வேண்டும். போர் முடிந்ததும் ஹோனிங் குறுக்குக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். அந்தக் கோட்டில்தான் எண்ணெய் தங்கும். பிறகு சோப்புத் தண்ணீரில் பேரலை நன்றாகக் கழுவி, துடைத்து, உடனே எண்ணெய் பூச வேண்டும். ஹோனிங் தூள் உள்ளே தங்கினால் செய்த வேலை அத்தனையும் அதுவே அரைத்துவிடும்.

கடற்கரை ஓரத்தில் வசிக்கும் நமக்கு இன்னொரு எச்சரிக்கை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை உப்புக் காற்று. மாதக்கணக்கில் நின்ற வண்டியில், திறந்திருக்கும் வால்வ் வழியாக அந்த ஈரம் புகுந்து இரும்புப் போரில் துரு பிடிக்க வைக்கும். அப்படிப்பட்ட வண்டியை எடுத்ததும் ஓங்கி உதைக்காதீர்கள். பிளக் ஓட்டையில் எண்ணெய் விட்டு, ஓர் இரவு ஊறவிட்டு, டீகம்ப்ரஸரைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சுற்றுங்கள். ஓடாத வண்டிக்கும் தேய்மானம் உண்டு!

நமக்கு இதில் என்ன?

ஒரு பழைய மோட்டார் சைக்கிளுக்கு இத்தனை கணக்கா என்று கேட்கலாம். நம்ம துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் என்ஜினிலும் குறித்த மணி நேரம் ஓடியதும் லைனரை அளந்து, முந்தைய அளவோடு ஒப்பிட்டு, மாற்றலாமா இன்னும் ஓட்டலாமா என்று முடிவு செய்கிறார்கள். நாளைக்கு இந்தப் பகுதியில் ஏதோ ஒரு கம்பெனியில் கம்ப்ரஸரோ பம்போ நம் பொறுப்பில் வரும். ‘சார், பிரிக்கட்டுமா?’ என்று வயதில் மூத்த தொழிலாளி ஒருவர் நம்மைக் கேட்பார். நாம் சரி என்றால் ஒரு ஷிப்ட் வேலை நிற்கும். வேண்டாம் என்றால், பக்கத்தில் நிற்கிறவர் கையோ உயிரோ அந்த வார்த்தையை நம்பி இருக்கும். அன்றைக்குப் பதில் சொல்லும் பழக்கம் திடீரென்று வந்துவிடாது. வாசலில் நிற்கும் வண்டியில் இப்போதே பழக வேண்டும்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். ஆகவே நண்பர்களே, ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுங்கள். தேதி, கி.மீ., மி.லி. என்று மூன்று கோடு போடுங்கள். முதல் 500 கி.மீ. இன்றைக்கே ஆரம்பமாகட்டும்.